ஆறாம் வரிசை, நான்காவது கணினி

மே 9, வியாழன்

இருநூற்று நாற்பது கணினிகள். எதன் நேரமும் எதனோடும் ஒத்துப்போகவில்லை. சில இரண்டு நிமிடம் முந்தி. சில பிந்தி. ஆறாம் வரிசையில் நான்காவது முப்பத்தெட்டு நிமிடம் பின்னால் ஓடுகிறது. கடைசி வரிசையில் ஒன்று 2009ஆம் ஆண்டின் முதல் நாளில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. நில அளவைத் துறைக்கு வரைவாளர்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிற அறிவிப்பு. கோவில்பட்டிக்கு வெளியே, நான்குவழிச் சாலையோரக் கல்லூரி ஒன்றின் மூன்றாம் மாடியைத் தேர்வு வாரியம் மையமாக எடுத்திருக்கிறது. கணினிப் பொறியாளனாக எனக்கு இங்கே இது நான்காவது மாதம்.

உள்ளே இருக்கும் வட்டப் பேட்டரிகளை மாற்ற வேண்டும் என்று மேலாளர் கோமதிநாயகம் சாரிடம் கேட்டேன். "நேரத்தத்தான் நீங்க புரோகிராம் போட்டு மாத்தப் போறீங்களே தம்பி, பொறவு பேட்டரி எதுக்கு?" என்றார். சரியென்று பட்டது. 2009க்கு மட்டும் ஒன்று வாங்கிப் போட்டேன்.

அறையில் தண்ணீர் வரவில்லை. கேன் வாங்க வேண்டும்.

மே 10, வெள்ளி

நேரத்தைப் படிக்க ஒரு வரி போதும். கணினியிடம் கேட்டால் சொல்லிவிடும். யாருடைய அனுமதியும் வேண்டாம். மாற்றுவதற்கு நிர்வாகி உரிமை வேண்டும்.

ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு கடிகாரங்கள். ஒன்று உள்ளே இருக்கும் மின்பலகையில், பேட்டரியில் ஓடுவது. கணினி கிளம்பும்போது அதைப் பார்த்துத்தான் இயங்குதளம் தன் கடிகாரத்தை வைத்துக்கொள்கிறது. அதன்பின் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் திருத்துவது இரண்டாவதை மட்டும். பலகையில் இருப்பது தவறாகவே இருக்கும். அணைக்காதவரை தொந்தரவு இல்லை.

என் நிரல் சர்வரிடம் மணி கேட்கிறது. பதில் வந்து சேரும் நேரத்தை அளக்கிறது. அதில் பாதியைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. போகும் வழியும் வரும் வழியும் ஒரே தூரம் என்று ஒரு நம்பிக்கை.

கணினி கிளம்பி மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக ஓடும். அவசரத்துக்குக் கையாலும் ஓட்டலாம். செய்த திருத்தத்தை அந்தந்தக் கணினியிலேயே ஒரு பதிவுக் கோப்பில் எழுதும். பத்து நாளுக்கு மேற்பட்ட பதிவுகளை அழிக்கும். இடம் அடைக்கக்கூடாது.

எழுதி முடித்தபோது, பல்கலைக்கழகத்தை விட்டபின் முதல்முறையாக, ஒரு வேலையைச் செய்தோம் என்று இருந்தது.

கடைவாய்ப் பல் வலிக்கிறது.

மே 11, சனி

எல்லாம் ஒரே விநாடியில். வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன்.

வாரியத்தின் சுற்றறிக்கைப்படி அறையின் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினோம். தேர்வர்களுக்குக் கைக்கடிகாரமும் கிடையாது. தேர்வுப் பக்கம் திரை முழுவதையும் மூடிக்கொள்ளும், மூலையிலுள்ள மணி தெரியாது. அந்தந்தக் கணினியின் மணி ஒன்றைத் தொட்டதும் தேர்வு தானாக முடியும். மீதி நேரம் ஓடுவதைப் பார்த்தால் பதறுகிறார்கள் என்று அதையும் எடுத்துவிட்டார்கள். உள்ளே நுழையும் பக்கத்தில் மட்டும் ஒருமுறை காட்டும். அதன்பின் கண்காணிப்பாளர் அரை மணிக்கொரு தரம் அடிக்கும் மணிதான்.

எஸ்தர் அக்கா ஆறு, ஏழு வரிசைகளுக்குக் கண்காணிப்பாளர். தேர்வு நாட்களில் மட்டும் வருகிறவர். மணியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கோயில்ல பூசைக்கு அடிக்க மாதிரில்லா இருக்கு" என்றார்.

முடிவெட்டிக்கொண்டேன்.

மே 12, ஞாயிறு

முடிந்தது. பத்து மணி முதல் ஒரு மணி வரை. இருநூற்று முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள்.

பத்தே முக்காலுக்கு மின்சாரம் போனது. ஆறாம் வரிசையின் யுபிஎஸ் மட்டும் தாங்கவில்லை. எட்டுக் கணினிகள் அணைந்து மறுபடி கிளம்பின. பதில்கள் சர்வரில் பத்திரமாக இருந்ததால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

கடைசியில் ஒரு பெண், தன் தேர்வு முன்னதாகவே மூடிக்கொண்டது என்று அழுதார். நான் அப்போது ஜெனரேட்டர் அறையில் இருந்தேன். வந்து பார்த்தபோது மணி 12:52. கணினியிலும் 12:52. 'முடி' பொத்தானை அழுத்தியிருப்பார். 'அடுத்து' பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மதியம் பிரியாணி வரவழைத்தார்கள். பல்வலியால் சாப்பிட முடியவில்லை.

மே 13, திங்கள்

விடுமுறை. துணி துவைத்தேன். கொடியில் இடமில்லை.

மே 15, புதன்

அந்தப் பெண் வாரியத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறார். மையத்தின் தொழில்நுட்ப அறிக்கையை 24ஆம் தேதிக்குள் கேட்கிறார்கள். எழுத வேண்டியவன் நான்.

பெயர் செண்பகவல்லி. ஊர் எட்டயபுரம். தாலுகா அலுவலகத்தில் பதினொரு வருடம் தற்காலிகமாக வரைபடங்களை நகலெடுக்கும் வேலை பார்த்தவர். இந்தத் தேர்வுக்குப் படிப்பதற்காக அதை விட்டவர். வயது முப்பத்தேழு. வரம்பும் முப்பத்தேழு. அடுத்த முறை அறிவிப்பு வரும்போது நாற்பது ஆகியிருக்கும். "இது எனது இறுதி வாய்ப்பு என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். கையெழுத்து அச்சுப்போல இருக்கிறது. மறுதேர்வு வேண்டுமாம்.

பன்னிரண்டரை மணி அடித்துப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும், திரை மூடிக்கொண்டது என்கிறார். மின்சாரம் போய் வந்ததும் தன் கணினியில் நேரம் தவறாகத் தெரிந்ததாகவும், கணினிப் பொறியாளரிடம் சொன்னதாகவும், அவர் வந்து சரிசெய்ததாகவும்.

கோமதிநாயகம் சார் கேட்டார், "அப்படிக் கூப்பிட்டாங்களா?"

நினைவில்லை என்றேன். இருநூற்று முப்பத்தொரு பேர்.

மே 16, வியாழன்

நினைவிருக்கிறது.

இடது கையைத்தான் தூக்கினார். வலது கை மவுஸைவிட்டு எழவில்லை. போனேன். உள்ளே நுழையும் பக்கம் திறந்திருந்தது. மீதி நேரம் இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். உண்மையில் இரண்டு மணி பதினான்கு நிமிடம்தான் இருக்க வேண்டும். அணைந்து கிளம்பியதால் பலகைக் கடிகாரத்தின் பழைய தவறு மேலே வந்துவிட்டது. மூன்றாம் நிமிடத்தில் என் நிரல் தானாக ஓடித் திருத்தியிருக்கும். அவருக்கு அது தெரியாது.

"சார், எனக்கு நேரம் சாஸ்தியா காட்டுது."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். தேர்வறையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

குனிந்து, கட்டளையைக் கையால் ஓட்டினேன். திரை ஒருமுறை துடித்தது. "ஆச்சு, எழுதுங்க" என்றேன். ஏழாம் வரிசையில் யாரோ கூப்பிட்டார்கள். நிமிர்ந்துவிட்டேன். எண்ணைப் பார்க்கவில்லை.

ஒரு பிழையும் செய்யவில்லை. அவர் சொன்னார், திருத்தினேன்.

மே 17, வெள்ளி

பல் மருத்துவரிடம் போனேன். ஞானப்பல், வளைந்து முளைத்திருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார். அடுத்த வெள்ளி.

எஸ்தர் அக்கா அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார்.

"அந்தப் புள்ளைக்கு மூடிக்கிட்டுல்லா, நான் போயிப் பாத்தேன் தம்பி. மூலையில ஒரு மணி ரெண்டு நிமிசம்னு இருந்துச்சு. நான் பன்னெண்டர அடிச்சு இன்னும் கால் மணி ஆவல. அதெப்படி?"

சரியாகப் பார்த்தீர்களா என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி மாற்றி இரண்டு வருடம் ஆகிறது என்றார். இறங்கிப் போகும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மே 18, சனி

ஆறாம் வரிசை நான்காவது கணினியைத் திறந்தேன். பதிவுக் கோப்பில் 12ஆம் தேதி மின்சாரம் வந்தபின் மூன்று வரிகள்.

திருத்தம்: 38 நிமிடம் முன்னோக்கி.
திருத்தம்: 19 நிமிடம் முன்னோக்கி.
திருத்தம்: 19 நிமிடம் பின்னோக்கி.

முதல் இரண்டும் ஒரே விநாடியில். மூன்றாவது இரண்டு மணி நேரம் கழித்து, தானாக.

முதல் வரி புரிகிறது. இரண்டாவது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மற்ற ஏழு கணினிகளில் ஒரு வரிதான்.

சாப்பிட மறந்துவிட்டேன். மூன்று மணிக்கு மெஸ்ஸில் ரசம் மட்டும் இருந்தது.

மே 19, ஞாயிறு

புரிந்துவிட்டது. துணியை அலசிக்கொண்டிருக்கும்போது.

என் நிரல் முதலில் கணினியின் மணியைப் பார்க்கிறது. சர்வரிடம் கேட்கிறது. பதில் வந்ததும் மறுபடி கணினியின் மணியைப் பார்க்கிறது. வித்தியாசம்தான் பயண நேரம். அதில் பாதியைக் கூட்டுகிறது.

அன்று அந்தக் கணினியில் நிரல் இரண்டு பிரதிகளாக ஓடியது. ஒன்று மூன்றாம் நிமிடத்தில் தானாகக் கிளம்பியது. மற்றது நான் கிளப்பியது. ஒன்று கேட்டுவிட்டுக் காத்திருந்த அந்த நொடிக்குள், மற்றது கடிகாரத்தை முப்பத்தெட்டு நிமிடம் முன்னே தள்ளிவிட்டது. காத்திருந்தது மணியைப் பார்த்தது. முப்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. பதில் வர அவ்வளவு நேரம் எடுத்தது என்று நம்பியது. பாதியைக் கூட்டியது.

பத்தொன்பது.

மாற்றப்படக்கூடிய கடிகாரத்தை வைத்து, அதை மாற்றிக்கொண்டே, நேரத்தை அளந்திருக்கிறேன். இயங்குதளத்தில் வேறொரு எண்ணி உண்டு. கிளம்பியதிலிருந்து எத்தனை விநாடி என்று மட்டும் எண்ணும். யாரும் அதைத் திருத்த முடியாது. அதை வைத்து அளந்திருக்க வேண்டும். முதுகலை இரண்டாம் பருவத்தில் இதற்கு ஒரு முழு வகுப்பு இருந்தது. நான் போயிருந்தேன்.

அவருடைய ஒரு மணி 12:41க்கே வந்துவிட்டது.

அவர் பேசாமல் இருந்திருந்தால் மூன்றாம் நிமிடத்தில் நிரல் தானாகத் திருத்தியிருக்கும். ஒரே ஒரு பிரதி. சரியாக.

சர்வரில் பார்த்தேன். இருநூறு கேள்விகளில் நூற்றெண்பதை முடித்திருக்கிறார். ஒரு கேள்விக்குச் சராசரி ஐம்பத்துநான்கு விநாடி. மீதி இருபதுக்குப் பதினெட்டு நிமிடம் போதும். கடைசியில் ஒரு நிமிடம் மிஞ்சியிருக்கும்.

தேர்வு மென்பொருள் எல்லாவற்றையும் 'முடிந்தது' என்று ஒரே சொல்லில்தான் பதிகிறது. நேரம் தீர்ந்தாலும் அதே சொல். தேர்வரே அழுத்தினாலும் அதே சொல். ஆகவே சான்று என்று இருப்பது அந்த மூன்று வரிகள். 12ஆம் தேதிப் பதிவு. 22 வரை இருக்கும்.

மே 20, திங்கள்

கோமதிநாயகம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. காகிதத்தில் இரண்டு பிரதிகளையும் அம்புக்குறியோடு வரைந்து காட்டச் சொன்னார். புரிந்ததும் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா?"

ஒன்றும் ஆகியிருக்காது என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திவிட்டார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். ஒருவருக்கு மட்டும் மறுதேர்வு என்று வாரியம் வைக்காது. கடிகாரம் தவறியது என்றால் எந்தக் கணினியில் தவறவில்லை என்று கேட்பார்கள். இந்த மையத்தில் எழுதிய அத்தனை பேரின் தேர்வையும் நிறுத்துவார்கள். அதில் எத்தனை பேருக்கு இது கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தெரியுமா. மையம் போகும். அவருக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது, அது பரவாயில்லை. நான்?

"நான் உங்கள எழுதாதன்னு சொல்லல. உள்ளதத்தான் எழுதணும். ஆனா யோசிச்சு எழுதுங்க. அவ்வளவுதான் நான் சொல்லுதது."

உள்ளதை எழுதுவேன். 22க்குள் பதிவைப் பிரதி எடுத்து இணைக்க வேண்டும்.

மே 21, செவ்வாய்

பிழையைத் திருத்தினேன். இப்போது மாறாத எண்ணியை வைத்து அளக்கிறது. ஒரு பிரதி ஓடும்போது இன்னொன்று கிளம்பாது. பதினொரு வரிகள். இவ்வளவுதான்.

அடுத்த தேர்வு ஜூன் 23. திருத்திய நிரல் அந்தத் தேதியில் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கணினியின் பலகைக் கடிகாரத்தை ஜூன் 23க்கு வைத்து மறுபடி கிளப்பினேன். ஆறாம் வரிசை நான்காவது. பிழை வந்தது அதில்தான் என்பதால் அதிலேயே சோதிப்பதுதான் முறை.

கிளம்பியதும் நிரல் பத்து நாளுக்கு மேற்பட்ட பதிவுகளை அழித்தது. பிறகு சர்வரிடம் கேட்டு மே 21க்குத் திரும்பியது. அழித்தல் முதலில், திருத்தம் அடுத்து. அந்த வரிசையில்தான் எழுதியிருந்தேன்.

கோப்பு இல்லை.

மறந்துவிட்டேன். வேறு எதுவும் இல்லை. பென் டிரைவ் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. சோதனை முடிந்தபின் பிரதி எடுக்கலாம் என்று இருந்தேன்.

அழிந்ததை மீட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. கணினியை அதன்பின் பயன்படுத்தாமல் இருந்தால் கிடைக்கக்கூடும். மாலை நான்கு மணிக்கு இருநூற்று நாற்பதையும் துடைத்துப் புதிதாக நிறுவச் சொல்லி கோமதிநாயகம் சார் வந்து சொன்னார். அடுத்த தேர்வுக்குத் தயாராக வேண்டுமாம். வழக்கமாக ஜூன் முதல் வாரத்தில்தான் செய்வோம்.

ஆறாம் வரிசையிலிருந்து தொடங்கினேன்.

மே 22, புதன்

அறிக்கை.

"மே 12 அன்று காலை 10.45க்கு ஏற்பட்ட மின்தடையால் ஆறாம் வரிசைக் கணினிகள் மறுதொடக்கம் ஆயின. தேர்வர்களின் பதில்களுக்கு இழப்பு ஏதுமில்லை. புகார்தாரரின் தேர்வு 12.41க்கு முடிக்கப்பட்டதாகச் சர்வர் பதிவு காட்டுகிறது. அக்கணினியில் தற்போதுள்ள பதிவுகளில் நேர முரண்பாடு எதுவும் காணப்படவில்லை. புகார்தாரர் பொறியாளரை அழைத்ததற்குப் பதிவு இல்லை."

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. மூன்று முறை படித்தேன். தேடிப் பார்த்தாலும் ஒரு பொய்யும் இல்லை.

எஸ்தர் அக்கா தன் வாக்குமூலத்தில் அசாதாரணமாக எதையும் கவனிக்கவில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறார். அதற்காகக் காலையில் வந்திருந்தார். வெளியே செருப்பை மாட்டும்போது, "நீங்க என்ன எழுதுனீங்க தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். "அப்போ சரி" என்றார். அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. வேறு ஏதாவது இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

மே 24, வெள்ளி

அறிக்கை போய்விட்டது. சா. ஜெபின், கணினிப் பொறியாளர், என்று முத்திரைக்கு மேல்.

பல்லை எடுத்தார்கள். மரத்துப்போன இடத்தில் நாக்கு அலைந்துகொண்டே இருக்கிறது.

மே 27, திங்கள்

ஒன்றுமில்லை.

மே 30, வியாழன்

இந்த நோட்டில் அந்த மூன்று வரிகளை எழுதி வைத்திருக்கிறேன். சான்று ஆகாது. யார் வேண்டுமானாலும் எதையும் நோட்டில் எழுதலாம். ஆகுமா என்று யாரையும் கேட்கவில்லை.

அம்மா நாகர்கோவிலிலிருந்து பேசினாள். பல் எப்படி என்றாள். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்றாள். பல்தான் என்றேன்.

ஜூன் 3, திங்கள்

வாரியம் புகாரைத் தள்ளுபடி செய்துவிட்டது. நகல் எங்களுக்கும் வந்தது. "தேர்வர் தவறுதலாகத் தாமே தேர்வை முடித்திருக்க வாய்ப்புள்ளது." நான் அதை எழுதவில்லை. என் அறிக்கையைப் படித்து அவர்கள் எழுதியது.

கோமதிநாயகம் சார் தேநீர் வாங்கிக்கொடுத்தார். மழை வரும்போல இருக்கிறது என்றார். வரவில்லை.

ஜூன் 6, வியாழன்

காலை பதினொரு மணிக்குச் செண்பகவல்லி வந்தார்.

கீழே வாசலில் காவலாளி தடுத்திருக்கிறார். கணினி சாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நின்றிருக்கிறார். இறங்கிப் போனேன். தேர்வன்று உட்கார்ந்த நிலையில்தான் பார்த்திருக்கிறேன், உயரமானவர் என்று தெரியாது. கையில் நெகிழி உறைக்குள் வாரியத்தின் கடிதம். இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். காவலாளியின் நாற்காலியை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை.

சண்டைக்கு வரவில்லை என்று முதலில் சொன்னார். அண்ணன் வீட்டில்தான் தங்கியிருக்கிறாராம். வக்கீலைப் பார்க்கலாம் என்கிறாராம் அண்ணன். மதுரையில் வழக்குப் போட்டுத் தேர்வு முடிவை நிறுத்தி வைக்கலாமாம். அது வெளிவருவதற்குள் போட வேண்டுமாம். ஆனால் அதற்குமுன் ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். பொத்தானை இவரே அழுத்திவிட்டு வந்து கோர்ட்டுக்குப் போனால் அசிங்கம் என்று.

"அன்னைக்கு அத்தன பேர்ல நீங்க ஒருத்தர்தான் சார் கூப்பிட்ட ஒடனே வந்தீங்க. அதான் உங்ககிட்டயே கேட்டுருவோம்னு வந்தேன். நான் அழுத்திட்டேனா சார்?"

காவலாளி ரேடியோவைத் தணித்தார். எங்களுக்காகத் தணித்ததாகத் தெரியவில்லை. விளம்பரம் வந்தது.

நான் எதையும் சொல்லியிருக்கலாம். இரண்டு பிரதிகளையும், பாதியையும், பத்தொன்பதையும். அவருக்குப் புரியும். பதினொரு வருடம் நிலத்தின் சங்கிலி அளவுகளை அங்குலமாக மாற்றி வரைந்தவர். அது புரிந்தால் கூடவே இன்னொன்றும் புரியும். நேரம் அதிகமாகக் காட்டுகிறது என்று சொல்லாமல் இருந்திருந்தால் எழுதி முடித்திருப்பார் என்பது. அதை அவர் தாங்க மாட்டார் என்று நினைத்தேன். அதற்காகத்தான் சொல்லவில்லை. அதற்காக மட்டும்.

கணினியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்றேன்.

"அழுத்துனா, 'நிச்சயமா?'ன்னு ஒரு தடவ கேக்குமே சார். அதுலயும் ஆமான்னு குடுத்திருக்கணுமே."

"பதட்டத்துல சிலபேர் ரெண்டையும் அழுத்திருவாங்க. நெறயப் பேருக்கு நடக்கும்."

அவர் கடிதத்தை உறையிலிருந்து வெளியே எடுத்து மறுபடி உள்ளே வைத்தார். நிமிரவில்லை.

"அப்ப ரெண்டு தடவ அழுத்தியிருக்கேன்."

அவர் அதைக் கேள்வியாகச் சொல்லவில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டார். நான் சொன்னால் நம்ப மாட்டார், நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் சார் என்று என்னிடம் நீட்டினார். திரையில் வியர்வை. அந்தப் பக்கம் தறியோ மோட்டாரோ ஓடும் சத்தம். அதற்கு மேல் ஒரு தளர்ந்த குரல்.

"சார், வணக்கம். அவ சின்ன வயசுலருந்தே பொய் சொல்ல மாட்டா சார். அதுனாலதான் நானும் கெளம்புனேன். மெசின்ல ஒண்ணும் தப்பில்லன்னு நீங்க சொன்னா நான் விட்டுருதேன்."

"மெசின்ல ஒண்ணும் தப்பில்ல."

இரண்டாம் முறை சொல்வது எளிதாக இருந்தது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சரி சார், அவளை வெயிலில் நிற்காமல் பஸ் ஏறச் சொல்லுங்கள் என்றார். போனைக் கொடுத்தேன்.

அவர் உடனே போகவில்லை. எத்தனை மணிக்கு அழுத்தினேன் என்று கேட்டார். 12:41 என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். வலது கையை இடுப்பளவில் நீட்டி, இல்லாத மவுஸை மெல்ல நகர்த்தினார். ஒருமுறை. நிறுத்தி, இன்னொரு முறை. ஆட்காட்டி விரல் கீழே போய் எழுந்தது.

"ஆமா சார்," என்றார். "பரப்பளவுக் கணக்கு ஒண்ணு. முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போவம்னு அவசரமா நகத்துனேன். கை அந்தப் பக்கமா போயிட்டு. இப்ப ஞாபகம் வருது."